பூங்கோதை இல்லம்: இறுதிப் பகுதி

இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. ஊறுகாய் விளம்பரம் போய், நகைக்கடை விளம்பரம் போய், பாத்திரம் துலக்கும் சோப்புக்காரி வந்து பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தால் ‘பூங்கோதை இல்லம்’ ஆரம்பித்துவிடும், அரை மணி நேரத்தில் அதன் கதையும் முடிந்துவிடும். இறுதிப் பகுதி, இறுதிப் பகுதி என்று ஒரு வாரமாகத் திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓடுகிறது, தேர்த் திருவிழாவை அறிவிக்கிற உற்சாகத்தோடு ஓடுகிறது, ஒரு தொடரை அறுத்துப் போடுவதில் இவர்களுக்கு என்ன உற்சாகமோ. இந்த விருதுநகரில் இந்நேரம் எத்தனையோ வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், பாவம், அவர்கள் பார்ப்பதும் ஒன்றுதான் பார்க்காததும் ஒன்றுதான், யாரும் எண்ணப்போவதில்லை. நான் பார்த்தால் எண்ணுவார்கள். என் டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கிற பெட்டி, ஒரு டிபன் பாக்ஸ் உயரம்தான் இருக்கும், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போனார். ஊருக்கு ஊர் சில வீடுகளில் மட்டும் மாட்டுவார்களாம், “உங்க ஒரு வீடு பல்லாயிரம் வீட்டுக்குச் சமம் சார்” என்றார், “ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சொந்தக்காரங்ககிட்டகூட.” நான் மூச்சு விடவில்லை. காலையில் நடக்கப் போகிற மைதானத்தில் பரமசிவம் சார், ரிட்டயர்டு தாசில்தார், “அந்தப் பெட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுய்யா, எந்த வீட்டுலயாவது கண்ணால பாத்திருக்கீரா, எல்லாம் சும்மா அடிச்சு விடுறானுக” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னபோது நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உள்ளே நெஞ்சு விம்மியது, ஓய் தாசில்தாரே, அந்தப் பல்லாயிரம் வீடும் உமக்குப் பக்கத்தில்தான் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை.

என் வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர்கள் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தார்களாம், இருக்கட்டும், குலுக்கினாலும் சரியான வீட்டில்தானே வந்து விழுந்தது. முப்பத்தொரு வருஷம் எடைக்கல்லுக்கும் தராசுக்கும் அரசாங்க முத்திரை போட்ட இன்ஸ்பெக்டர் நான், தனுஷ்கோடி வருகிறான் என்றால் பஜாரில் பருப்பு மண்டிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தராசைத் துடைப்பார்கள். தட்டுக்கு அடியில் நெல்லிக்காய் அளவு புளியை ஒட்டி வைத்திருந்தவனைக் கையால் தடவியே பிடித்திருக்கிறேன், காந்தம் வைத்தவனைப் பிடித்திருக்கிறேன், சொந்த மைத்துனன் எண்ணெய்க் கடையில் லிட்டர் அளவையின் அடியை ஒடுக்கி வைத்திருந்ததைப் பிடித்து, கடைத்தெருவே பார்க்க அதைக் காலில் போட்டு நசுக்கினேன், ராஜக்கனி ஒரு மாசம் என்னோடு பேசவில்லை, அதாவது வழக்கமாகப் பேசுகிற நாலு வார்த்தையும் பேசவில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு தராசு வந்து சேர்ந்தால் அது பொருத்தம்தானே. இதோ சோப்புக்காரி வந்துவிட்டாள். பெட்டிக்கென்று தனியாக ஒரு ரிமோட் உண்டு, ஆளுக்கு ஒரு நம்பர், டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரவர் நம்பரை அழுத்த வேண்டும், எழுந்து போனால் மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும், பெட்டியின் முகத்தில் அந்த நம்பர் எரியும். நான் ஒன்று. என் மனைவி ராஜக்கனி இரண்டு. நான் இரண்டை அழுத்துகிறேன். ராஜக்கனி ஐந்து மாசமாகப் புனேயில் மகள் அருள்மதி வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே இரண்டு எரிகிறது.

தப்புத்தான். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று டைட்டில் பாட்டு ஓடுகிற ஒவ்வொரு நாளும் மனசு கேட்கும், வித்தியாசம் இருக்கிறது, அவன் லாபத்துக்கு ஒட்டினான், நான் ஒரு தொடர் சாகக்கூடாதென்று ஒட்டுகிறேன். அறுபத்து மூன்று வயது ஆம்பளை ஒருத்தன் மதியம் இரண்டு மணிக்குப் பூங்கோதையைப் பார்த்தால் எந்த மசாலாப் பொடிக்காரனுக்கு என்ன பிரயோசனம், அவனுக்கு வேண்டியது அடுப்படியில் நிற்கிற ராஜக்கனிகள்தான். ஒரு தொடர் போய்ச் சேரப்போகிறது என்றால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், தராசு முள் லேசாகச் சாய்வது தெரிகிற கண் இது. முதலில் கதாநாயகன் மாறுவான், இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்டு, மீசையில்லாதவனை மீசைக்காரன் நாற்காலியில் உட்கார வைப்பார்கள், மனைவிக்காரி ஒரு சந்தேகமும் இல்லாமல் அவனுக்குக் காப்பி கொடுப்பாள். அப்புறம் இன்னொரு தொடர்க் குடும்பத்தையும் இந்தக் குடும்பத்தையும் ஒரே கோயிலுக்கு அனுப்பி ஒரு வாரம் சேர்த்துக் காட்டுவார்கள். அப்புறம் ராத்திரி ஏழரை மணிக்கு வந்துகொண்டிருந்ததைத் தூக்கி மதியம் இரண்டு மணிக்குப் போடுவார்கள், அத்தோடு ஆயுசு எண்ணப்பட்டுவிட்டது. பூங்கோதைக்கு இந்த மூன்றும் நடந்தது. எதிர்ச் சேனலில் ஒரு தொடர், கதை செத்து இரண்டு வருஷம் இருக்கும், ஆயிரத்து நானூறு பகுதியைத் தாண்டி இன்னும் நீட்டிக்கொண்டே போகிறார்கள், அதற்கு என் வீட்டுப் பெட்டியில் ஒரு நிமிஷம்கூட விழுந்ததில்லை, அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு மகா திருப்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் பூங்கோதையை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது, ராஜக்கனி ஒருநாள்கூட விடாமல் உட்கார்ந்தாள், அவள் சித்தி மகன் கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீமைக் கையில் வாங்கியவள் அப்படியே வைத்துவிட்டு ஏழரைக்கு வீடு வந்து சேர்ந்தாள், தொடர் பிழைத்தது. பிழைக்க வைத்தது யார்? நாங்கள்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

நாங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த நாளில் நான் பார்க்கிறதாகவே கணக்கு இல்லை. பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருப்பேன், முத்திரை போட்ட கை, மாமியார் மருமகள் சண்டைக்கெல்லாம் பொத்தானை அழுத்துமா. ஒருநாள் பேப்பரை மடிக்கும்போது பார்க்கிறேன், பெட்டியில் ஒன்றும் எரிகிறது இரண்டும் எரிகிறது. “ஒண்ணை யாரு அழுத்துனது?” என்றேன். “நான்தான்” என்றாள். “நான் எங்க பாத்தேன்?” “பாக்கலயா? அரை மணி நேரமா ஒரே பக்கத்தையே வாசிக்கீக. அகிலாண்டம் சாவியை ஒளிச்சு வச்சப்ப ‘அடிப்பாவி’ன்னது யாரு, பேப்பரா?” ராஜக்கனி அப்படித்தான், அதிகம் பேசமாட்டாள், பேசினால் முத்திரை. அன்றைக்குக் கோபப்பட்டு ஒன்றை அணைத்தேன், மறுநாளும் எரிந்தது, அதற்கு மறுநாளும் எரிந்தது, நான் பேப்பரை மடிக்கும்போது அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அருள்மதிக்குக் குழந்தை பிறந்து, வேலைக்குத் திரும்ப வேண்டும் அம்மா வந்தால்தான் ஆகும் என்று அழைத்தபோது “அப்பா, நீங்களும் வாங்க” என்றுதான் சொன்னாள். வீட்டைப் பூட்டிப் போட முடியாது என்றேன், அந்த ஊர்ப் பாஷை தெரியாது என்றேன், மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான் இல்லை என்றேன். எல்லாம் நிஜம்தான், ஆனால் முதல் காரணம் பெட்டி. இரண்டு பேரும் போய்விட்டால் பெட்டி சும்மா கிடக்கும், பூங்கோதைக்குப் பல்லாயிரம் வீடு ஒரேயடியாகக் குறையும், அதை ராஜக்கனியிடம் மட்டும் சொன்னேன். அவள் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், துணிப்பெட்டியில், தலையைத் தூக்காமல் “சரி, அதுக்குத் துணையா இருங்க” என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவள் புனே போன மூன்றாம் நாள் போன் வந்தது, ரெண்டே முக்காலுக்கு, பேரன் தூங்குகிற நேரம் அது. சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீகளா, போட்டேன், அவ்வளவில் பேச்சுத் தீர்ந்து இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. முப்பத்து நாலு வருஷமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான், ஒரே வீட்டில் இருக்கும்போது அது குறையாகத் தெரியவில்லை, நடமாட்டம் இருந்தது, தாளிக்கிற சத்தம் இருந்தது, போனில் அதெல்லாம் இல்லையே. அப்புறம் அவள்தான் கேட்டாள், “இங்க தமிழ்ச் சேனல் வராது. பூங்கோதை என்ன ஆனா?” நான் ஆய்வறிக்கை மாதிரிச் சொன்னேன், பூங்கோதை வந்தாள், மாமியார் திட்டினாள், தொடரும். “எப்படித் திட்டுனா?” என்றாள். “வாயாலதான்.” “அட, என்ன சொல்லித் திட்டுனா, அதைச் சொல்லுங்க.” மறுநாள் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவது வாரம் காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஒரு மாசத்தில் மாமியார் அகிலாண்டத்தின் குரலே எனக்கு வந்துவிட்டது, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசுவதால் நானும் போனை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொள்வேன், அந்தப் பக்கம் ராஜக்கனி வாய் விட்டுச் சிரிப்பாள், அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது. மளிகைக்கடைக் காட்சியில் வைத்திருந்த தராசில் முத்திரையே இல்லை, முதல் காரியமாக அந்தக் கடைக்காரனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான். நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம் பேசியிருக்கிறோம். பேசியது நான், இந்த தனுஷ்கோடி. திங்கட்கிழமையிலிருந்து என்ன பேசுவது?

அந்த நினைப்பை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். ஒரே அவசரம். நாலு நாளில் மூன்று பேர் திருந்திவிட்டார்கள், வட்டிக்காரன் ஜெயிலுக்குப் போய்விட்டான், எழுபது பகுதியாகக் கோமாவில் கிடந்த பெரியப்பா கண்ணைத் திறந்து முதல் வார்த்தையாகக் காப்பி கேட்கிறார், யாருக்கும் அழக்கூட நேரமில்லை, டம்ளரை ஆற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். மிச்சம் ஒன்றுதான். மாமியார் வீட்டை விட்டு வெளியேறித் தனியாக மெஸ் நடத்துகிற பூங்கோதையை அவள் புருஷன் கதிரேசன், இரண்டாவது கதிரேசன், கூப்பிட வருவானா, வந்தால் அவள் போவாளா. இரண்டு மாசமாக இதையே வைத்து இழுத்தார்கள், ராஜக்கனியும் நானும் பந்தயம் கட்டாத குறை, போவாள் என்று நான், பார்ப்போம் என்று அவள். விளம்பர இடைவேளை. எழுந்து பெட்டியைப் பார்க்கிறேன். இரண்டு எரிந்துகொண்டிருக்கிறது, புனேயில் இருக்கிறவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் சொல்கிற பொய்யை அது நம்பி எரிகிறது. ஐந்து மாசம் பொய் சொல்லியும் தொடர் நிற்கப்போகிறது. அவ்வளவு பெரிய மண்டியில் என் ஒரு புளி உருண்டையால் என்ன ஆகிவிடும் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. கடைசி நாளாவது அளவு சரியாக இருக்கட்டும். இரண்டை அணைத்தேன். ஒன்றை அழுத்தினேன். என் விரலால் அதை எரிய வைப்பது நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தனுஷ்கோடி, ஆண், வயது அறுபத்து மூன்று, பூங்கோதை இல்லம் பார்க்கிறான், எந்த மசாலாக்காரன் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். முதுகு தானாக நிமிர்ந்தது. ஆபீசில் சீல் குத்தி முடித்ததும் வருகிற நிமிர்வு அது, ஓய்வு பெற்ற பிறகு இன்றைக்குத்தான் வருகிறது.

வந்து உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ரெண்டே முக்காலுக்குப் போன் அடிக்கும், சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன், மாத்திரை, போட்டேன், அப்புறம் அந்த மூச்சுச் சத்தம், ஒரு வாரம் அப்படிப் போகும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கும், அப்புறம் பிள்ளைக்குச் சளி, மகளுக்கு மீட்டிங், வாரத்துக்கு ஒன்று. வேறு தொடரைப் பார்த்துச் சொல்லலாமா, புதிதாக ஒன்று போடுகிறார்கள், முதல் வாரம் தாங்குமோ தாங்காதோ, புது ஆட்களை அவளுக்கு யார் யாரென்று அறிமுகம் செய்ய வேண்டும், அதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டால். ரெண்டு மாசம் என்று போனாள், நாலு மாசம் ஆனது, இப்போது பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும் என்கிறார்கள். நிற்க வேண்டியது நீள்கிறது, நீள வேண்டியது நிற்கிறது. நான் போயிருக்கலாம். பூட்டு தொங்கினால் வீடு என்ன ஓடியா போகும், பாஷை தெரியாவிட்டால் தலையை ஆட்டினால் போதாதா, கடைத்தெருவே பார்க்க மைத்துனனின் அளவையை நசுக்கத் தெரிந்தவனுக்கு மருமகன் வீட்டில் ஒரு தட்டுச் சோறு இறங்காதா. ஒரு பெட்டிக்குக் காவல் இருந்தேன், ஐந்து மாசம். அதைத் தியாகம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். வா என்று சொல்லத் தெரிந்திருந்தால், வரட்டுமா என்று கேட்கத் தெரிந்திருந்தால், ஆனால் பூங்கோதை வந்தாள் என்று சொல்லத்தானே எனக்கு வருகிறது. கைதட்டுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால் திரையில் எல்லோரும் வரிசையாக நின்று கையசைக்கிறார்கள், அகிலாண்டமும் வட்டிக்காரனும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் ஒரு பெரிய கேக், மேலே நன்றி. முடிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. கண் திரையில்தான் இருந்தது, ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்தது, கடைசிக் காட்சியை நான் பார்க்கவில்லை.

ரெண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. “என்னங்க, முடிஞ்சிருச்சா, சொல்லுங்க.” குரலைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தேன், பெரியப்பா காப்பி கேட்டதை, டம்ளரோடு வீடே ஓடியதை, சர்க்கரை கம்மியா இருக்கேம்மா என்று அவர் சொல்லியிருப்பார், நேரம் இல்லாததால் வெட்டிவிட்டார்கள் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். சிரித்தாள். மெஸ்ஸில் பூங்கோதை பரிமாறிக்கொண்டிருந்ததைச் சொன்னேன், இடைவேளை வரைக்கும் சொன்னேன். “அப்புறம்?” என்றாள். போனாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது. வாய் வரவில்லை. “கடைசி அஞ்சு நிமிஷம் நான் பாக்கல.” “ஏன், கரண்டு போயிருச்சா?” “இல்ல. உக்காந்துதான் இருந்தேன். நெனப்பு எங்கயோ போயிருச்சு.” பேரன் தூக்கத்தில் சிணுங்கியது கேட்டது, அவள் தட்டிக்கொடுத்தது கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், “அவ போகல.” “யாரு?” “பூங்கோதைதான். கதிரேசன் வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டான். வாரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. உள்ள போயி இன்னொரு தட்டை எடுத்து வச்சா. பசிச்சா நீங்க வந்து உக்காருங்கன்னா. அவன் செருப்பைக் கழட்டுனான். அம்புட்டுதான், முடிச்சிட்டாங்க.” “உனக்கு எப்படித் தெரியும்?” “அன்னன்னைக்கு நாடகம் காலையில ஆறு மணிக்கே அருள்மதி போன்ல வந்துரும்ங்க.” “எப்ப இருந்து?” “நீங்க ரெண்டாவது நாளு காகிதத்துல எழுதி வச்சுச் சொன்னீகள்ல, அதுக்கு மறுநாள்ல இருந்து. மக காட்டிக் குடுத்தா.” காது சூடாகிவிட்டது. ஐந்து மாசம், பார்த்து முடித்தவளிடமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அகிலாண்டமாக நின்றேன். “அப்புறம் எதுக்குடி என்னைச் சொல்லச் சொன்ன?” “நாடகத்துல அந்தப் பெரியப்பா சும்மா காப்பிதான் கேட்டாரு. நீங்க சொல்லையிலதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு” என்றாள், “நீங்க பேசுறதைக் கேக்கணும்னு இருந்துச்சு, வேற எதைக் கேட்டா பேசுவீக?” வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது, முப்பத்தொரு வருஷ சர்வீசில் எந்தக் கலெக்டர் கை கொடுத்தபோதும் இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. “இனிமே சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எல்லாம் முடிஞ்சுபோச்சே” என்றேன். “ஏன் இல்ல, நீங்க காலையில இருந்து என்ன செஞ்சீகன்னு சொல்லுங்க, அதை எந்த போன்லயும் காட்ட மாட்டாங்க” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். “அஞ்சரைக்கு எந்திரிச்சேன்” என்றேன், “எந்திரிச்சதும் நீ படுக்கிற பக்கத்தைப் பாத்தேன்.” “தெனமுமா?” என்று கேட்டாள். “தெனமும்தான்” என்றேன்.